சாம்பிராணிக்கு வந்த பில்

"...போனைத் தொடாதேயும் எண்டு சொல்லிப்போட்டன், பேந்தும் பில் வந்தால் நீரோ கட்டுறது?" என்று என் கணவர் கத்தினார். சுவிஸின் ஷ்லீரன் நகரில் எங்கள் எதிர்வீட்டுக் கதவிடுக்கால் புகை வந்துகொண்டிருந்தது.

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. சில மாதங்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை, வாசற்கதவைத் திறந்து படிக்கட்டு வரை சாம்பிராணி காட்டினார் மனிதர். கட்டட அலாரம் அடித்துத் தீயணைப்புப் படையே வந்துவிட்டது. வீணாக வரவைத்த செலவை நகரசபை எங்களிடமே அறவிட்டது. அந்தப் பில்லை அவர் ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருந்தார்.

"உள்ளுக்கை ஆள் கிடந்தாலோப்பா?" என்றபடி நான் தீயணைப்புக்கான 118ஐ அழைத்தேன்.

ஆள் இருந்தார். எதிர்வீட்டு இத்தாலியர், அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு அசதியில் உறங்கிப்போயிருந்தார். இருமிக்கொண்டே வந்தாலும், நடந்து வந்தார்.

என் கணவர் தயங்கித் தயங்கி, "இதுக்கும் பில் வருமோ?" என்று தீயணைப்பு வீரரிடம் கேட்டார்.

"புகையைக் கண்டு கூப்பிட்டவருக்கா? இல்லை" என்று அவர் சிரித்தார்.

இப்போது வாசற்கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் சாம்பிராணி காட்டுகிறோம். அந்தப் பில் இன்னும் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது, பாருங்கோ. அன்று வீட்டுக்குள் வந்ததும் என் கணவர் அதைக் கழற்றித் திருப்பி, வெறும் பக்கத்தில் 118 என்று பெரிதாக எழுதி, மறுபடி ஒட்டினார்.