செருப்போடு கரையில் விட்ட பை

மூன்று வருடங்களுக்கு முன், மார்கழி மாதம், அரையாண்டுப் பரீட்சை லீவு. அந்த வருடம் மழை வஞ்சனையில்லாமல் பெய்து, திருவண்ணாமலைக்குக் கிழக்கே எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஏரி நிரம்பி வழிந்து கோடி போனது. அங்கே மீன் பிடிக்கிற ஒருவர் பரிசல் வைத்திருந்தார். என் கணவரின் ஆபீஸ் நண்பருக்கு அவரைத் தெரியும். "ஒரு ரவுண்டு போயிட்டு வரலாங்க" என்று நண்பர் சொன்னதுதான் தாமதம், நான் புளிசாதம் கிளறிக் கூடையில் எடுத்து வைத்துவிட்டேன்.

சென்னையிலிருந்து தங்கையும் அவள் மகளும் வந்திருந்தார்கள். மகளுக்கு ஒன்பது வயது. ஆறு வயதிலேயே சர்க்கரை வியாதி வந்து, தினமும் இன்சுலின் ஊசி. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரை போய்விடும். அதனால் தங்கை ஒரு நீலப் பையைத் தோளிலிருந்து இறக்கவே மாட்டாள். குளுக்கோஸ், ஜூஸ், பிஸ்கட் எல்லாம் அதில்தான். "பொண்ணைவிட பையைத்தான் ஜாஸ்தி கொஞ்சுற" என்று கிண்டல் செய்வேன். வீட்டில் மூத்தவள் நான். வாயும் எனக்குத்தான் பெரிசு.

நாங்கள் ஏரிக்குப் போனபோது மணி பத்தரை. வாடைக்காற்று முகத்தில் அடித்தது. பரிசல்காரர் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "காத்து ஜாஸ்தியா கீதும்மா. மொதல்ல வடக்க கொஞ்ச தூரம் போவலாம். திரும்பறப்ப காத்தே நம்மள இட்டாந்து வுட்டுடும்" என்றார்.

அந்த ஏரியில் வடக்கே போனால் மலை இடப்பக்கம் வரும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது ஆகவே ஆகாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையை வலப்பக்கமாகவே வைத்து நடந்து பழகியவர்கள் நாங்கள். "மலையை எடப்பக்கம் வச்சுக்கினு யாராவது போவாங்களா? தெற்கே விடுங்க" என்றேன்.

"அதில்லம்மா, திரும்பறப்ப…"

"சாமி பாத்துப்பாரு, விடுங்க."

அவர் துடுப்பை எடுத்தார்.

வலம் போகிறோம், எல்லோரும் செருப்பைக் கழற்றுங்கள் என்று அடுத்த உத்தரவு போட்டேன். மகளைத் தூக்கிப் பரிசலில் விடுவதற்காகத் தங்கை நீலப் பையை என்னிடம் கொடுத்தாள். சாப்பாட்டுக் கூடையோடு அதையும் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். வலை காயவைத்துக்கொண்டிருந்த பரிசல்காரரின் மனைவியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஏறினேன். அரை மணி நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைப்பு.

உட்காரக் கொண்டுவந்த பெட்ஷீட்டை நண்பரும் என் கணவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உயர்த்தினார்கள். காற்று அதில் புகுந்ததும் பரிசல் ஓட்டம் பிடித்தது. தங்கை மகள் கைதட்டிச் சிரித்தாள். மலை வலப்பக்கம் ஜம்மென்று நின்றது. பரிசல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "போதும் சார், எறக்குங்க" என்று இரண்டு தரம் சொன்னார்.

இறக்கியபோது ஏரியின் தென்கோடிக்கே வந்துவிட்டோம். திரும்பும்போது தெரிந்தது காற்றின் குணம். அவர் ஒரு முழம் முன்னே தள்ளினால் அது இரண்டு முழம் பின்னே தள்ளியது. பரிசல் தட்டாமாலை சுற்றிக்கொண்டே போய், தண்ணீரில் பாதி மூழ்கியிருந்த வேலிமுள்ளுக்குள் சிக்கிக்கொண்டது. ஒரு மணி நேரம் போயே போய்விட்டது.

"பெரிம்மா, கை நடுங்குது" என்றாள் குழந்தை.

அந்தக் குளிரிலும் அவள் நெற்றியெல்லாம் வேர்வை. தங்கையின் கை தன்னிச்சையாகத் தோளுக்குப் போனது. பை இல்லை. எல்லோரும் தங்கையையே பார்த்தார்கள். "மறந்துட்டு வந்துட்டேன் போல" என்றாள்.

நான்தான் வைத்தேன் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

"இனிப்பு எதனா உடனே குடுக்கணும்" என்று தங்கை சொல்லி முடிப்பதற்குள் பரிசல்காரர் தண்ணீரில் குதித்துவிட்டார். மார்பளவு ஆழம். "பாப்பாவைக் குடுங்கம்மா" என்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முள்ளை விலக்கி நடந்தார். அவர் கையில் ரத்தம் வழிந்தது. நாங்கள் அவர் பின்னாலேயே தட்டுத்தடுமாறிக் கரையேறினோம். எதிரே கரும்புக் கொல்லை. ஒன்றை ஒடித்துப் பல்லாலேயே தோலைச் சீவி, குழந்தையின் வாயில் வைத்தார். கடிக்க அவளுக்குத் தெம்பில்லை. கண் சொருகிக்கொண்டு வந்தது.

"யார்றா அது, கரும்புல கைய வச்சது?" என்று கத்திக்கொண்டே ஒரு அம்மா கையில் வெட்டுக்கத்தியோடு வந்தார். குழந்தையைப் பார்த்ததும் கத்தியை அப்படியே போட்டுவிட்டார். விஷயத்தைக் கேட்டதும், கரும்பு வெட்டும் ஆட்களுக்கு வைத்திருந்த டீயைக் கேனோடு தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "சக்கரை நெறைய போட்டதுதான். சூடும் இல்ல. ஊத்தும்மா."

குழந்தையைத் தன் மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டார். தங்கை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற, அவள் விழுங்கினாள். ஒரு டம்ளர், இரண்டு டம்ளர். நான் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்து, "அந்தக் கரும்பு எனக்கா?" என்று கேட்டாள். தங்கை அப்போதுதான் அழுதாள். அந்த அம்மா முந்தானையால் குழந்தையின் முகத்தைத் துடைத்துவிட்டு, கரும்பு ஏற்ற வந்த டிராக்டரில் எங்களை ஏற்றிவிட்டார்.

பரிசல்காரரிடம், "நீங்க சொன்னதை நான் கேக்கலைங்க" என்றேன். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டே அவர், "நான்தாம்மா இன்னொரு வாட்டி சொல்லியிருக்கணும்" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

டிராக்டர் ஏரியைச் சுற்றிக்கொண்டு போனது. குழந்தை கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். தங்கையின் காதில், "பையைக் கரையில வச்சது நான்தான்" என்றேன்.

"தெரியும்க்கா. நீ வைக்கறப்பவே பாத்தேன்."

"அப்புறம் ஏன் எடுக்கல?"

"அரை மணி நேரம்தானேன்னு நானும் நெனச்சேன். எடுத்தா எல்லார் முன்னாடியும் நீ ஏதாவது சொல்லுவ."

"மறந்துட்டேன்னு ஏன் சொன்ன?"

"மாமா, அவர் ஃப்ரெண்டு எல்லாம் இருந்தாங்கல்ல. உன்னைப் போய் எப்படிச் சொல்லுவேன்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரும்வரை விடவில்லை.

இப்போதும் பௌர்ணமி தவறாமல் மலையை வலம் வருகிறேன். தங்கை வந்தால் அந்த நீலப் பை என் தோளில்தான் இருக்கும். என் பேச்சுக்கு யாராவது சட்டென்று அடங்கிப்போனால் முன்பெல்லாம் ஜெயித்துவிட்டதாக நினைப்பேன்; இப்போது பயமாக இருக்கிறது, அவர்களுக்குத் தெரிந்த எதையோ சொல்லாமல் விட்டுவிட்டார்களோ என்று.