பெத்ரா திருப்பிக் கொடுத்த தூக்குவாளி

எங்கள் ஊர் புவெந்தே சேக்கோவின் சிறை வாசலில் பெத்ராவின் ஊசிக்குத் தப்பிய சாப்பாடு கிடையாது. ஸ்வெட்டர் பின்னும் நீள ஊசி அது. வாளியின் மூடியைத் திறப்பாள், மோந்து பார்ப்பாள், வெந்த பயற்றுக்குள் ஊசியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவாள், சோள ரொட்டிகளைப் புரட்டுவாள். அரமோ கத்தியோ பொட்டலமோ உள்ளே போகக் கூடாது. அதுதான் அவள் வேலை. சர்க்கார் எங்கள் ஊர்க் கைதிக்குப் பூட்டும் சுவரும் மட்டும்தான் தரும். வயிற்றைப் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர்கள் பாடு. ஆகவே மத்தியானமானால் பெண்கள் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார்கள்.

"ஏன்டி பெத்ரா, அந்தக் கோழி எங்க வீட்டுலயே செத்துப்போச்சு. நீ வேற எதுக்குக் குத்திக் கொல்றே?" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள்.

"உன் கோழி கம்பி அறுக்கக் கிளம்பின கதையெல்லாம் எனக்குத் தெரியும். வாயை மூடிட்டு வாளியைத் திற" என்பாள் பெத்ரா.

வரிசையே சிரிக்கும். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அந்த வாசலில் யாரால் நிற்க முடியும், சொல்லுங்கள்!

அவள் புருஷன் தமாசோ போலீஸ்காரன். ஆற்றங்கரையில் கடத்தல்காரர்கள் சுட்டுவிட்டார்கள் என்று சொல்லிச் சவப்பெட்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். கூடவே வந்த போலீஸ் கமாண்டர் அர்சாதே, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். போகும்போது இந்த வேலையைக் கொடுத்துவிட்டுப் போனான். நேரில் அவனுக்கு யாரும் மரியாதை குறைத்ததில்லை. முதுகுக்குப் பின்னால் 'அவன்'தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அதற்கும் முன்பே பெத்ராவின் மகள் சோக்கோரோவை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய ஞானத்தகப்பன் அவன். அன்றிலிருந்து அவன் பெத்ராவுக்குக் கொம்பாத்ரே, அவள் அவனுக்குக் கொமாத்ரே. எங்களிடத்தில் அது கூடப்பிறந்ததற்கும் ஒரு படி மேல். வாங்க, போங்கதான், 'நீ' என்ற சொல் நடுவில் வரவே கூடாது. ஒருவரைப் பற்றி இன்னொருவர் தப்பாகப் பேசுவதும் கேட்பதும் பாவம். பெத்ரா கேட்டதில்லை. கேட்க ஆரம்பித்தால் காது போதாது என்பது வேறு விஷயம்.

அந்த வருஷம் ஆற்றுக்கு அக்கரை நாட்டிலிருந்து பழைய கார் விற்க வரும் கிரிங்கோ, அதாவது வெள்ளைக்காரன் ஒருவன் பாலத்தடியில் செத்துக் கிடந்தான். அர்சாதேயின் சூதாட்ட அறையில் அவன் சண்டை போட்டது ஊருக்கே தெரியும். மறுநாளே, பாலத்தில் கார் கழுவும் நசாரியோவின் மெத்தைக்கு அடியிலிருந்து துப்பாக்கியை எடுத்தார்கள். கைப்பிடி உடைந்து தோல் சுற்றிய துப்பாக்கி. அதற்கு முன் மூன்று வழக்கில் மூன்று மெத்தைக்கு அடியிலிருந்து எடுத்ததும் அதேதான். அது படுக்காத படுக்கை ஊரில் இல்லை என்று சலூனில் சிரிப்பார்கள், கமாண்டர் அந்தப் பக்கம் இல்லை என்று பார்த்துக்கொண்டு.

நசாரியோவின் அம்மா தோன்யா நிகோலாசா, பாலத்து முனையில் தமாலே விற்பவள். தோன்யா என்பது வயது வந்த பெண்களுக்கு எங்கள் ஊரில் போடும் மரியாதைச் சொல். சோளமாவைச் சோளமட்டையில் சுற்றி அவிப்பாள். உள்ளே மிளகாயில் வெந்த பன்றிக்கறி. மகன் உள்ளே போனதிலிருந்து தினமும் நாலு தமாலே வாளியில் வரும். காலிப் பாத்திரத்தை யாருக்கும் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லி வளர்த்தவள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக் கிண்ணம் திரும்பிப் போகும்போது ஒரு எலுமிச்சம்பழமாவது அதில் இருக்கும். சிறையில் எலுமிச்சைக்கு எங்கே போவான்? சாப்பிட்ட மட்டையைக் கிழித்து முடிந்து, சுண்டுவிரல் அளவில் ஒரு குருவி கட்டி வாளியில் போட்டு அனுப்புவான். பெத்ரா வெளியே போகிற வாளியையும் பார்க்க வேண்டும் அல்லவா, தினமும் அந்தக் குருவியைப் பார்ப்பாள். நிகோலாசா அதை எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, அடுப்படிக்குப் போவாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெத்ரா வாளியை உள்ளே நீட்டியபோது, காவலாளி லிப்ராதோ வாங்கவில்லை. "கமாண்டர் உங்களைக் கூப்பிடுறார்" என்று மட்டும் சொன்னான்.

அர்சாதே அறைக்கதவைத் தானே சாத்தினான்.

"கொமாத்ரே, உக்காருங்க. நம்ம பையங்க கொஞ்சம் கைநீட்டிட்டாங்க. அவன் நோஞ்சான், தாங்கல."

"யாருங்க?"

"நசாரியோ. ராத்திரியே போயிட்டான்."

பெத்ரா சிலுவை போட்டுக்கொண்டாள். "ஐயோ மாதாவே! அவங்க அம்மா வெளிய நிக்கறாங்க!"

"நிக்கட்டும். தலைநகரத்துச் சிறைக்கு மாத்தற உத்தரவு நாளைக்கு சாயங்காலம் வருது. ஞாயித்துக்கிழமை கொண்டுபோறோம். வழியில ஓடப் பார்த்தான், சுட்டோம். புரியுதா? அதுவரைக்கும் அவன் உயிரோட இருக்கான், சாப்பிடறான். வாளி உள்ள வரணும், காலியா வெளிய போகணும். வேற ஒண்ணும் உங்களைக் கேக்கல."

ஓடியவன் குற்றவாளி என்று ஊர் நம்பிவிடும், வழக்கும் அதோடு முடியும். உடம்பு ஆற்றோடு போகும். ஓடிச் செத்தவர்களின் உடம்பு எங்கள் ஊரில் வீடு திரும்பியதே இல்லை. நிகோலாசாவுக்குப் பிள்ளையும் இல்லை, புதைக்க உடம்பும் இல்லை, செத்தவனுக்கு நல்ல பெயரும் இல்லை. பெத்ராவுக்கு இது அத்தனையும் புரிந்தது. புரிந்தும் "சரிங்க" என்றாள். அடச்சே, சொல்லவே கூசுகிறது! ஆனால் சொன்னாள்.

தமாலேயைக் காவலாளிகள் தின்றார்கள். பெத்ரா மட்டை ஒன்றை எடுத்துக் கிழித்து, ஞாபகத்தில் இருந்தபடி ஒரு குருவி கட்டினாள். ஒப்பேற்றி வாளியில் போட்டாள். நிகோலாசா மூடியைத் திறந்து பார்த்தாள், சற்று நேரம் கூடுதலாகவே பார்த்தாள், பிறகு ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை சந்தை நாள். பாலத்தில் கூட்டம் நெரிந்தது, வரிசையும் நீளம். நிகோலாசாவின் முறை வந்தபோது வாளியோடு ஒரு சின்னப் புட்டியையும் நீட்டினாள். உள்ளே கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய்.

"இது எதுக்கு, தோன்யா?"

"அவன் கைக்கு. நேத்துக் குருவிக்கு வாலே இல்லை, பார்த்தீங்களா? வால் இல்லாம என் பிள்ளை கட்டமாட்டான். விரல் வீங்கியிருக்கும் போல. பாவிப்பய, வலிக்குதுன்னு வாய் திறந்து சொல்லமாட்டான். வலியோட எனக்காகக் கட்டியிருக்கான். சூடுபறக்கத் தேய்க்கச் சொல்லுங்க, தோன்யா. நீங்களும் புள்ள பெத்தவங்கதானே."

பெத்ரா புட்டியை வாங்கி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். ஊசியை எடுக்க மறந்துபோனாள். வாளியோடு உள்ளே நடந்தாள்.

லிப்ராதோவும் மற்றவனும் தமாலேயைப் பங்கு போட்டார்கள். மட்டைகள் மேசைமேல் கிடந்தன. பெத்ரா ஒன்றைக் கையில் எடுத்தாள். இந்தத் தடவை வாலோடு நன்றாகவே கட்ட முடியும். நல்ல குருவி போனால், கை தேவலை என்று அந்தத் தாய் நிம்மதியாகத் தூங்குவாள். நாளை விடிந்தால் எல்லாம் முடிந்துவிடும். சோக்கோரோவின் கல்யாணத்துக்கு ஞானத்தகப்பன்தான் முன்னே நிற்க வேண்டும். இதையெல்லாம் நினைத்தாள். பிறகு மட்டையை மேசையிலேயே போட்டாள். வாளியைத் தொட்டித் தண்ணீரில் கழுவி, ஏப்ரன் துணியால் துடைத்து, மூடி போட்டு வெளியே எடுத்துப் போனாள்.

நிகோலாசா மூடியைத் திறந்தாள். கையை உள்ளே விட்டு அடியைத் தடவினாள். வாளியைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு துளித் தண்ணீர் விழுந்தது.

"தோன்யா பெத்ரா," என்றாள் மெதுவாக, "வாளி கழுவிக் காலியா வந்திருக்கே. என் பிள்ளை காலியா அனுப்பமாட்டானே."

பெத்ரா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கண்ணில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

நிகோலாசா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "என் பிள்ளையைக் காட்டுங்கடா!" என்று அவள் போட்ட சத்தம் பாலத்து நடுவரைக்கும் கேட்டது. வரிசையில் இருந்தவர்களுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை, எல்லோருமே வாளிக்காரிகள்தான். ஒருத்தி மூடியால் கம்பிக்கதவில் அடித்தாள். பிறகு அத்தனை பேரும் அடித்தார்கள். சந்தைக் கூட்டம் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தது, பாதிரியார் வந்தார், அக்கரைப் பத்திரிகைக்காரன் ஒருவன் கேமராவோடு வந்தான். எதற்கும் வாயைத் திறக்காத எங்கள் ஊர் நீதிபதியை நாலு கிழவிகள் சாப்பாட்டு மேசையிலிருந்து கையோடு இழுத்துவந்தார்கள். கதவைத் திறக்க வேண்டியதாயிற்று. விறகு அறையில் சாக்குகளுக்கு அடியில் நசாரியோ கிடந்தான்.

செத்தவனை மறுபடி சுட முடியாது அல்லவா? அதுவும் அத்தனை கண்ணுக்கு முன்னால். உடம்பைத் தாயிடம் கொடுத்தார்கள். இதயக் கோளாறு என்று எழுதினார்கள். அர்சாதேக்கு என்ன தண்டனை என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்விதான். வேறு ஊருக்கு மாற்றினார்கள், இதைவிடப் பெரிய ஊர்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், கூட்டம் கலைந்த பிறகு, காலி வாசலில் பெத்ராவுக்கு எதிரே அவன் வந்து நின்றான்.

"யாரு சொன்னது அவகிட்ட?"

"யாரும் சொல்லலைங்க. வாளி காலியா போகணும்னீங்க. காலியாத்தான் கொடுத்தேன்."

"தமாசோவும் சொன்னதைச் செய்யற ஆளாத்தான் இருந்தான்," என்றான். "ஒருநாள் அவனுக்கும் புத்தி மாறிச்சு. அவனுக்காக அன்னிக்கு அழுதேன். உனக்காக அழமாட்டேன்."

'உனக்காக' என்றான். அந்த 'உன்'னிலேயே எல்லாம் முடிந்துபோயிற்று. தமாசோவைச் சுட்டது யார் என்று பெத்ராவுக்கு அப்போதுதான் விளங்கியது. கடத்தல்காரர்கள் என்று இத்தனை வருஷம் அவள் சாபம் கொடுத்தது யாருக்கு, ஞாயிற்றுக்கிழமைதோறும் கோழி அடித்து விருந்து வைத்தது யாருக்கு! "என் மகளை இனிமே உன் மகள்னு சொல்லாதே" என்றாள் அவளும். ஊசியை அவன் காலடியில் போட்டுவிட்டு நடந்தாள்.

நேரே நிகோலாசாவின் வீட்டுக்குப் போனாள். வாசலில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி காறித் துப்பினாள். நசாரியோவை அடுப்படிக்குப் பக்கத்தில் மேசைமேல் கிடத்தியிருந்தார்கள். நாலு மூலையிலும் மெழுகுவர்த்தி. பெத்ரா மண்டியிட்டாள்.

"தோன்யா, நேத்துக் குருவி நான் கட்டினது. அப்பவே அவன் இல்லை. உங்களை ஏமாத்தினேன்."

நிகோலாசா ரவிக்கைக்குள்ளிருந்து வாலில்லாத அந்தக் குருவியை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தாள். அடிப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"எண்ணெய் எங்க?" என்றாள்.

பெத்ரா ஏப்ரன் பையைத் துழாவிப் புட்டியை எடுத்து நீட்டினாள். நிகோலாசா மகன்மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கினாள். இரண்டு கையும் கறுத்து வீங்கி இருந்தன. விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருந்தன.

"வலிச்சிருக்கும்னு சொன்னேன்ல," என்றாள் தாய். உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, புட்டியைப் பெத்ராவிடம் திருப்பிக் கொடுத்தாள். "அந்தக் கையை நீ தேய். மெதுவா தேய்."

பெத்ரா மேசையின் மறுபக்கம் போய் நின்று தேய்த்தாள்.