ஹபீபா பீவியின் உரலை உடைத்த பிஸ்கட்

பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும் புவனேஸ்வரனுக்கு விசித்திரமான வேலை. அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலைக் காரக் கரைசலில் பிசைந்து, சிமெண்டே சேர்க்காமல் கல்லாக்கும் சிறு தொழிற்சாலையில் இருக்கிறார். மனிதர் நல்லவர்தான், சாம்பலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் லிஃப்ட் கதவை மூட விடமாட்டார். "ஜியோபாலிமர்" என்று அந்தக் கல்லின் பெயரைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் வெளிச்சம் கல்யாண ஆல்பத்தில்கூட இல்லை என்பார் மனைவி பிரமிளா.

தீபாவளிக்கு முன் முதலாளி ஒரே போடாகப் போட்டார். தோட்டத்தில் பதிக்கும் அலங்காரக் கற்களைப் பார்க்க ஜப்பான்காரர் வருகிறார்; அவருக்குப் பிடித்தால் புவனேஸ்வரனுக்கு வேலை நிரந்தரம், இல்லையென்றால் வருஷக் கடைசியோடு சரி. நம்மவர் என்ன செய்தார்? பிரமிளாவின் பூப்போட்ட பிஸ்கட் அச்சைத் திருடிக்கொண்டு போய் அதில் கல் வார்த்தார். காற்றுப் படாமல் இறுகவேண்டும் என்று பிரமிளாவின் சிவப்பு மூடி டப்பாவில் அடைத்து, பலகார அலமாரியிலேயே வைத்தார். படித்த மனுஷனுக்கு வேறு இடமா கிடைக்கவில்லை?

தீபாவளி முடிந்து, ஜப்பான்காரர் வரும் நாள் காலையில் டப்பாவைத் திறந்தார். உள்ளே நெய் மணக்கும் சுஜி பிஸ்கட்.

எள்ளு பிஸ்கட் என்று நினைத்து, தீபாவளிக்குக் கீழ் வீட்டு ஹபீபா பீவிக்குப் பிரமிளா கொடுத்தது அந்த டப்பாவைத்தான். பலகாரம் வந்த டப்பாவை வெறுமனே திருப்பித் தர ஹபீபா பீவிக்கு மனசு வராது. தன் பங்குக்குச் சுஜி போட்டு அனுப்பியிருக்கிறார்.

புவனேஸ்வரன் படியில் உருளாத குறையாக இறங்கினார்.

"அக்கா, அந்த பிஸ்கட்ட சாப்பிட்டீங்களா?"

"நல்லா இருந்துச்சு தம்பி," என்றார் ஹபீபா பீவி, எங்கோ பார்த்தபடி.

"ஐயோ! எல்லாமேவா?"

புவனேஸ்வரன் அழுதுவிடுவார் போலிருந்தது. ஹபீபா பீவிக்கு மனம் இளகிவிட்டது.

"கோவிச்சுக்காதீங்க லா. கொஞ்சம் கெட்டி. எங்க வீட்டுக்காரரு ஒன்ன வாயில போட்டு நியூஸ் முடியிற வரைக்கும் ஊற வச்சாரு, கரையல. சரி, இடிச்சு டீயில போடலாம்னு பார்த்தேன்..."

சமையலறையில், மிளகாய்ச் சம்பால் இடிக்கும் கல் உரல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. நடுவில் சாம்பல் நிறப் பூ ஒன்று, ஓர் இதழ்கூட உதிராமல். மற்ற பூக்களைக் காகிதத்தில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தார். தீபாவளிப் பலகாரத்தைக் குப்பையில் போடுவது பாவமாம்.

புவனேஸ்வரன் உடைந்த உரலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கற்களோடு அதையும் காரில் ஏற்றினார். ஜப்பான்காரர் உரலைப் பார்த்தார், கதையைக் கேட்டார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வேலை நிரந்தரமானது.

அன்று சாயங்காலமே புவனேஸ்வரன் புது உரலோடு கீழ் வீட்டுக்குப் போனார்.

"அக்கா, அது பிஸ்கட்டே இல்ல. நான் சாம்பல்ல செஞ்ச கல்லு. பிரமிளா மேல தப்பே இல்ல லா."

ஹபீபா பீவி உருகிப்போனார். உள்ளே திரும்பிக் கணவரைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து கேளுங்க! பொண்டாட்டிய விட்டுக்கொடுக்காம எப்படிப் பேசுறாரு பாருங்க இந்தத் தம்பி!"