நாசர் பாயி கேட்ட எட்டு நாள்

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கிணற்று மேட்டில் கவலை ஏற்றம் ஓட்டப் போனவன் நான். மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த அதே கைதான் ஐம்பத்திரண்டு வயதில் சூலூர்ப் பக்கம் சொந்தமாகப் பருத்தி அரவை ஷெட் போட்டது. கம்போடியாப் பருத்தியை ஒரு பிடி எடுத்துப் பார்த்தால் யார் தோட்டத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவேன். காங்கேயம் காளை எத்தனை முரடானாலும் என் குரலுக்கு நிற்கும். எவனும் எனக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றித் திரிந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதை எழுதுவது அப்துல் நாசருக்காக. அவரைப் பற்றிச் சொல்லப் போனால் நான் தலை குனிகிற இடம் வந்தே தீரும்.

அப்போதெல்லாம் அவரை அவன் இவன் என்றுதான் பேசினேன். இப்போது எழுத உட்கார்ந்தால் அப்படி வரமாட்டேன் என்கிறது.

நாசர் கோட்டைமேட்டுக்காரர். அப்பா ஜட்கா ஓட்டியவர். பதினாலு வயதில் மேட்டுப்பாளையத்தில் ஒரு மோட்டார் பட்டறைக்கு எண்ணெய் துடைக்கிற வேலைக்குப் போனார். மலைத் தோட்டத்துத் துரைமாரின் மோட்டார் சைக்கிள்கள் அங்கேதான் பழுது பார்க்க வரும். கூட வேலை செய்த ஒருவன் ஒரு நாள் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறிக் காட்டப் போனான். ஏறியவனுக்கு இறங்கும்போது நிறுத்தத் தெரியவில்லை. இரண்டாவது வளைவுக்குக் கீழே பாறையில் கிடந்தவனைத் தூக்கி வந்தது நாசர். அதற்கப்புறம் அங்கே இருக்கப் பிடிக்காமல் கோயமுத்தூருக்கு வந்து உக்கடத்தில் சின்னதாக ஒரு பட்டறை வைத்தார்.

புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கினவன் எவன் வந்தாலும் அவர் எட்டு நாள் கேட்பார். குளத்தோரம் ஒரு வெற்றிடம் இருந்தது. முதல் மூன்று நாள் எஞ்சினுக்கே வேலையில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். அவர் ‘நில்’ என்றால் சுண்ணாம்புக் கோட்டுக்கு முன்னால் பிரேக்கை அழுத்தி நிற்க வேண்டும். நாலாம் நாள் கண்ணைத் துண்டால் கட்டிவிடுவார். எந்தப் பிடி எதற்கு என்று கைகால் தானாகப் போக வேண்டும். அப்புறம்தான் எஞ்சின். தலைப்பாகைக்குள் தேங்காய் நாரை மெத்தையாக வைத்துத் தைத்து, அதைக் கட்டாதவனை வண்டியில் ஏற விடமாட்டார். ஊரில் அவருக்குத் ‘தள்ளுவண்டி வாத்தியார்’ என்று பேர்.

முப்பத்தைந்தாம் வருஷம் ஆனைமலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது அவர் வண்டியை நான் வாங்கினேன். பிரேக் கம்பி தேய்ந்திருந்தது. மாற்றித் தரச் சொல்லி நாசரிடம் விட்டேன்.

“ஏனுங் கவுண்டரே, இதுக்கு முன்ன ஓட்டியிருக்கறீங்களா?” என்றார்.

“எங்காட்டுக்குள்ள நாலு நாளா ஓட்டறேன். அடங்காத மாட்டயே அடக்குனவன் நானு. இதென்ன, புல்லுத் திங்காத மாடு.”

“எட்டு நாளைக்கு வந்துபோட்டுப் போங்க.”

“வண்டியத் தள்ளறதுக்கா வாங்குனேன்? எங்கூட்டுல கட்டவண்டி நாலு நிக்குது. உனக்கு ஆசையா இருந்தா வந்து தள்ளிப்போட்டுப் போ, பாயி.”

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“மாட்டுக்கு உசுரு மேல பயம் இருக்குதுங்க. நீங்க தூங்கிட்டாலும் அது ஒதுங்கிக்கும். இதுக்கு அது கெடையாதுங்க. ஒரு நாளாச்சும் வாங்க.”

“வாரேன், வாரேன்” என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். போகவே இல்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நாலு பேர் பார்க்கட்டும் என்றே சந்தை கூடுகிற நேரமாகப் பார்த்துப் போனேன். எதிரே பருத்தி வண்டி ஒன்று வழியை அடைத்து வந்தது. அதைச் சுற்றி வளைத்தேன். அந்தப் பக்கம் பழனியாத்தாள், எனக்குப் பெரியம்மா முறை, தலையில் மோர்ப்பானையோடு வந்துகொண்டிருந்தாள்.

காலடியில் பிரேக் இருந்தது. அந்த நேரம் அது எனக்கு ஞாபகத்திலேயே வரவில்லை. இரண்டு கைப்பிடியையும் நெஞ்சுக்கு இழுத்துச் சாய்ந்து “ஓ... ஓஓ” என்று கத்தினேன். மாட்டுக் கயிறாக இருந்தால் நின்றிருக்கும். அந்த வண்டியிலோ வலதுகைப் பிடி நம் பக்கம் திரும்பினால் வேகம் கூடும். நான் இழுக்க இழுக்க அது பாய்ந்தது. பானை உடைந்த சத்தமும் அவள் கால் எலும்பு முறிந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. வண்டி என்னைக் கள்ளி வேலியில் தள்ளிவிட்டு அப்படியும் உறுமிக்கொண்டு கிடந்தது.

சனம் கூடிவிட்டது. என்னைக் கும்பிட்டுப் பழகினவர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். “என்னங்க ஆச்சு?” என்று ஒருத்தன் கேட்டான். நான் யோசிக்கக்கூட இல்லை.

“பிரேக்குக் கம்பி புடிக்கல. முந்தாநாத்துத்தான் அந்த நாசரு மாத்துனான்.”

கம்பியை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. என் வாய்ச்சொல் போதுமானதாக இருந்தது. அந்த மரியாதையைச் சம்பாதிக்கத்தான் நான் அத்தனை வருஷம் பாடுபட்டேன். அதை இதற்குச் செலவழித்தேன்.

பத்து நாள் கழித்து நாசர் என் ஷெட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

“மண்டிக்காரரு கோவிந்தராஜுலு நாயுடு பருத்தி வாங்கற ஆளுகளுக்குன்னு மூணு வண்டி எடுத்திருக்காருங்க. எங்கிட்டத்தான் பழக்கறதுக்கு உடறேன்னு சொல்லியிருந்தாரு. நீங்க கம்பி மேல சொன்னதக் கேட்டுப்போட்டு இப்ப வேண்டாம்னுட்டாருங்க.”

“அதுக்கு நா என்ன பண்றது?”

“எம் பொழப்பு கெடக்குதுங்க. திங்கக்கெழம அந்த மூணு பேரும் உடுமலப்பேட்டைக்குக் கெளம்பறாங்க. ஒருத்தனுக்கும் நிறுத்தத் தெரியாதுங்க. அன்னிக்கு உங்க கை என்ன பண்ணுச்சுன்னு நாயுடுகிட்ட நீங்க சொன்னாப் போதும்.”

கம்பி நன்றாக இருந்தது அவருக்குத் தெரியும். கை செய்ததையும் ஊகித்திருக்கிறார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. “யாருகிட்ட வந்து என்ன பேசறே? போய்யா அக்கட்ட” என்றேன். அவர் போய்விட்டார்.

அன்று மத்தியானம் அரிசியும் பருப்பும் எடுத்துக்கொண்டு பழனியாத்தாள் வீட்டுக்குப் போனேன். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய காலை நீட்டிப் படுத்திருந்தாள். நாசர் வந்துபோனதை, ஏதோ அவர்மேல்தான் தப்பு என்கிற மாதிரி சொன்னேன். அவள் முகட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

“ஏங்கண்ணு, மோட்டாருக்கு ‘ஓ’ன்னா கேக்குமா?”

நான் அவள் கால்மாட்டில் உட்கார்ந்தேன்.

“கயித்த இழுத்தாப்பல இழுத்தயே, நாம் பாத்துட்டுத்தானே உழுந்தேன். நம்ம பையனாச்சேன்னு வாயத் தொறக்கல. எங்காலு போனதுக்கு நா உன்ன ஒண்ணுஞ் சொல்லல. அந்தப் பாயி மேல எதுக்குப் போட்டே? இன்னம் மூணு பேரு இப்புடித்தே எவ காலயோ ஒடைக்கப் போறானுக. அப்ப ஆரு மேல போடுவே?”

கொண்டுபோன அரிசியை அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, எடுத்து வை என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் நாயுடுவின் களத்துக்குப் போனேன். மூன்று பேரும் புது வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். நாயுடு எழுந்து வந்து “வாங்க கவுண்டரே” என்று கை கூப்பினார். உட்கார்ந்தால் வாய் வராது என்று நின்றபடியே சொன்னேன்.

“கம்பி நல்லாத்தானுங்க இருந்துச்சு. நாந்தான் மாட்டுக் கயித்த இழுக்கறாப்பல இழுத்துப்போட்டேன். நாசரு எட்டு நாள் வரச் சொன்னாருங்க. நா ஒரு நாளுகூடப் போகல.”

மூவரில் ஒருவன் பொங்கி வந்த சிரிப்பை அடக்கமாட்டாமல், “மோட்டாருக்கு ‘ஓ’ போட்டீங்களாக்கும்!” என்றான். நாயுடு சிரிக்கவில்லை. “இத்தனை நாள் ஏனுங்க சொல்லல?” என்று மட்டும் கேட்டார். அவர் மூன்று வண்டிகளையும் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு நாசருக்கு ஆள் அனுப்பினார்.

நாசர் வந்ததும் சந்தையில் நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். “அது வேண்டாங்க” என்றார். “புதுசா யாரு பழக வந்தாலும் மொத நாளு நீங்க வந்து இத நின்னு சொல்லோணும். கையி எப்புடி இழுத்துதுன்னு செஞ்சு காட்டோணும். நாஞ் சொன்னா இவங்க சிரிக்கறாங்க. உங்க கையப் பாத்தாத்தான் நம்புவாங்க.”

அதைவிட ரெண்டு அறை அறைந்திருக்கலாம்.

அந்த மூவரோடு நானும் எட்டு நாள் வெயிலில் வண்டி தள்ளினேன். நார் வைத்த தலைப்பாகை கட்டினேன். ‘நில்’ என்றதும் கோட்டைத் தாண்டிப் போய் ஆறு தடவை திட்டு வாங்கினேன். ஏழாம் நாள்தான் என் கை இழுப்பதை விட்டது. எட்டு நாளில் வந்துவிடுகிற ஒன்று, அதற்கு ஒரு மனுஷியின் கால் போக வேண்டியிருந்தது.

இந்த நாலு வருஷத்தில் குளத்தோரத்துக்குப் பத்தொன்பது பேர் வந்து பழகிப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் போய் நிற்கிறேன். ஷெட் முதலாளி என்று என்னைத் தெரிந்தவர்கள் முன்னாலும் இரண்டு கையையும் நெஞ்சுக்கு இழுத்து ‘ஓ’ என்று கத்திக் காட்டுகிறேன். சிரிப்பார்கள். பழகிப்போகும் என்று நினைத்தேன், போகவில்லை.

போன வாரம் வந்தவர்களில் உடுமலைப்பேட்டைக்காரர் ஒருவர் மட்டும் சிரிக்காமல் கேட்டார்: “அந்தப் பெரியம்மா இப்ப நடக்கறாங்களாங்க?”

“கோலு ஊனித்தானுங்க நடக்கறாங்க. மோரு விக்கப் போறதில்ல.”

அவர் வண்டியின் இரண்டு பிடியையும் பிடித்துக்கொண்டு தள்ளத் தொடங்கினார்.