அம்மா கத்திய ஞாயிற்றுக்கிழமை

மேடவாக்கத்தில் எங்கள் அடுக்குமாடி வாசலில், தாமதமாக வந்த தண்ணி லாரிக்காரரை ஒரு பெண் உரக்கத் திட்டினாள். அந்தக் குரல் என்னைச் செம்பாக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனது.

அப்போது எனக்குப் பத்து வயது. தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாவைப் பெரியப்பா வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அம்மா எதிர்த்துப் பேசவில்லை. பிறகு பேச்சே நின்று, எண்ணெய் காணாத தலையோடு சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள். வீட்டில் எப்போதும் அப்பா குழையவிட்ட சோற்றின் வாசனை. சொந்தக்காரர்கள் சோம்பல் என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெற்றிலையை மென்றபடியே பெரியப்பா அப்பாவிடம் சொன்னார்: "பொண்ண ஸ்கூல்லேர்ந்து நிறுத்திடுடா. வூட்டு வேலையாவது நடக்கும்."

அம்மா பாயிலிருந்து எழுந்தாள். "என்னை நிறுத்துனீங்க, பொறுத்துக்கினேன். என் பொண்ண நிறுத்த நீங்க யாரு? வெளிய போங்க!"

தெருவே எட்டிப்பார்த்தது. பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. விழுங்கிய கோபம்தான் அவளைப் படுக்கவைத்திருந்தது என்பது பின்னாளில் புரிந்தது.

முழுசாகத் தேற டாக்டரும் பல மாதங்களும் தேவைப்பட்டன. ஆனால் மறுநாள் காலையிலேயே தலைகுளித்து, வேலை கேட்கக் கிளம்பிவிட்டாள். தாம்பரம் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து எனக்குக் கையசைத்தபோது, அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.