கேட்டைத் தாண்டிய எல்லையம்மன்

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பச்சையம்மாவின் பாதி வாழ்க்கை அந்த ரயில்வே கேட்டில்தான் கழிந்தது. காலையில் மீன் கூடையோடு கேட்டைத் தாண்டிப் போவாள். சாயங்காலம் புருஷனைத் தோளில் சாய்த்துக்கொண்டு கேட்டைத் தாண்டி வருவாள். இரண்டில் கூடைதான் லேசு என்று அவளே சொல்வாள்.

எண்ணூர்ப் பக்கம் கடலோரக் குப்பம் அது. புருஷன் எத்திராஜ் தங்கமான ஆள். குடிக்காத நேரத்தில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் வலையைப் பிரித்துப் போடுவான், அவள் கால் வலிக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுப்பான். வர வர அந்த நேரம் சுருங்கிக்கொண்டே வந்தது.

குடிப்பழக்கத்தை விடுவதற்கு அந்தக் குப்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். எல்லையம்மன் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வது. பூசாரி கற்பூரத்தை அணைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்குவார், மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டுவார். கயிறு இருக்கும்போது குடித்தால் அம்மன் ரத்தம் கக்க வைப்பாள். இந்தப் பயம் நிஜமான பயம். கட்டிய கையால் பாட்டிலைத் தொடக்கூட ஆண்கள் நடுங்குவார்கள்.

ஆனால் நம் ஆட்கள் பயத்திலும் ஒரு சந்து கண்டுபிடிப்பார்களே! அம்மனின் எல்லை ரயில்வே கேட்டோடு முடிகிறது. எல்லைக்கல் அங்கேதான் நட்டிருக்கிறது. அதற்கு அப்பால் அவளுக்கு அதிகாரமில்லை. அதற்கு அப்பால், கூப்பிடு தூரத்தில், ஒயின் ஷாப்பு.

ஆகவே கயிறு கட்டிய அத்தனை பேரும் பக்தியோடு கேட்டைத் தாண்டிப் போய்க் குடித்தார்கள். நிலக்கரி வண்டிக்காகக் கேட் மூடிவிட்டால் அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் கை நடுங்க ஒரு கூட்டம், அந்தப் பக்கம் தள்ளாடியபடி ஒரு கூட்டம், நடுவில் பெட்டி பெட்டியாக நிலக்கரி. ஒரு தடவை எத்திராஜ் எல்லைக்கல் மேலேயே விழுந்து தூங்கிவிட்டான். தலை வெளியே, கால் உள்ளே. பஞ்சாயத்து கூடியது. தலைவர் மணி நெடுநேரம் யோசித்தார்.

"குச்சது வாயி. வாயி வெளிய கீது. காலு இன்னா பாவம் பண்ணுச்சு? தப்பில்ல, வுடுங்க."

ஆண்கள் கைதட்டினார்கள். பச்சையம்மா புருஷனின் காலைப் பிடித்து இழுத்துத் தலையையும் அம்மன் எல்லைக்குள் சேர்த்தாள்.

வியாழக்கிழமைகளில் நர்ஸ் ஜெயஸ்ரீ அங்கன்வாடிக்கு வந்து உட்காருவாள். ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. பச்சையம்மாதான் ஒரு நாள் எத்திராஜைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு ஜெயஸ்ரீ அவளைத் தனியே கூப்பிட்டாள்.

"கல்லீரல் ரொம்பக் கெட்டுப்போயிருக்குக்கா. இப்படியே குடிச்சா ஆள் தங்கமாட்டாரு. வீட்லயே வச்சு டக்குனு நிறுத்தினாலும் ஆபத்து, வலிப்பு வரும். பெரியாஸ்பத்திரியில குடிய விட வைக்க வார்டு இருக்கு. சேர்த்துருங்க."

எத்திராஜ் கயிற்றைத் தூக்கிக் காட்டினான். "நான் அம்மன் கேஸு நர்ஸம்மா. ஆஸ்பத்திரி கேஸு இல்ல."

அன்று பச்சையம்மா அழுதாள். கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. புருஷன் மேல் இல்லை, அம்மன் மேல். ஊரையே காக்கிறவளுக்கு ஒரு கேட்டைத் தாண்டத் துப்பில்லையா?

ஆடித் திருவிழா வந்தது. ஊர்வலத்தில் அம்மன் எதுவரை போகிறாளோ அதுவரை அவள் எல்லை. இதுதான் வழக்கம். பச்சையம்மா மீன் விற்கும் பெண்களையெல்லாம் திரட்டிக்கொண்டு பஞ்சாயத்துக்குப் போனாள்.

"இந்த வருஷம் அம்மன் கேட்ட தாண்டணும். இல்லாங்காட்டி ஒருத்தி வூட்லயும் கூழு காச்ச மாட்டோம்."

தலைவர் மணிக்கு வியர்த்துவிட்டது. அவர் கையிலும் ஒரு கயிறு இருந்தது. "அம்மன் வெளிய போனா குப்பத்துக்கு யார்மே காவலு?"

"இத்தினி நாளு நீங்கல்லாம் வெளிய போய்கினு கீறீங்களே, அப்போ யார் காவலு?"

தலைவர் கயிறு கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தலையாட்டினார்.

மீன் ஏற்றும் குட்டியானை வண்டியைக் கழுவி, வேப்பிலை கட்டி, அம்மனை ஏற்றினார்கள். கழுவியும் கவிச்சி போகவில்லை. அம்மனைப் பிடித்துக்கொள்ள எத்திராஜை ஏறச் சொன்னார்கள். பச்சையம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். மேளத்தோடு வண்டி கேட்டைத் தாண்டியது. ஒயின் ஷாப்பையும் தாண்டியது. கடைக்கு அப்பால் தேங்காய் உடைத்து, புது எல்லை இதுதான் என்று பூசாரி அறிவித்தார். பெண்கள் குலவையிட்டார்கள். ஆண்கள் பிணத்தைப் பார்ப்பதுபோலக் கடையைப் பார்த்தார்கள்.

டிரைவர் வண்டியைத் திருப்பப் போனான்.

"திருப்பாத," என்றான் எத்திராஜ்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"அந்த முக்குல இன்னொரு கட கீது. அத்தயும் தாண்டு."

தாண்டினார்கள். "மேம்பாலத்தாண்ட ஒண்ணு கீது." அதையும் தாண்டினார்கள். "பீச்சாங்கை பக்கம் திரும்பு, சந்துக்குள்ள ஒண்ணு." தலைவர் மணி பின்னால் ஓடிவந்து, "டேய் எத்திராஜு, எங்களுக்கு ஒண்ணாவது வுட்டு வையிடா!" என்று கத்தினார். மேளக்காரர்கள் மூச்சு வாங்கி நின்றுவிட்டார்கள். பூசாரியின் தேங்காய் தீர்ந்துபோனது. மணலி போயிற்று, மாத்தூர் வந்தது. குப்பத்தம்மனுக்கு இத்தனை பெரிய ராஜ்ஜியம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

மாத்தூருக்கு அப்பாலும் எத்திராஜ் நிறுத்தச் சொல்லவில்லை. அவன் கை ஆடியது, அம்மனும் சேர்ந்து ஆடினாள். அவன் சட்டை முழுக்க வியர்வை.

"இன்னும் எவ்ளோ தூரம்யா?" என்று கேட்டாள் பச்சையம்மா.

"கட இல்லாத எடம் எதுனு தெர்லமே. எனக்குத் தெரிஞ்ச ரோடு எல்லாத்துலயும் கட கீது." அவன் அம்மனை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "அம்மன் எம்மாந்தூரம் வந்தாலும் நான் அதுக்கு அந்தாண்ட போய்டுவேன் பச்ச. என்னால நிக்க முடியல."

இத்தனை வருஷமும் இந்த ஆள் நிற்க மனமில்லாமல் ஓடுகிறான் என்று நினைத்துத்தான் அவள் அவனைத் திட்டியிருந்தாள். இப்போது அவன் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்தாள். டிரைவர் தோளைத் தட்டினாள்.

"பெரியாஸ்பத்திரிக்கு வுடு."

"அம்மன எறக்கிட்டு போலாமா?"

"எறக்கவாணாம். அவளும் வரட்டும்."

பெரியாஸ்பத்திரி வாசலில் காவலாளி வண்டியை மறித்தார். வேப்பிலையைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார், மாலை போட்ட டிரைவரைப் பார்த்தார். அவர் பணிக்காலத்தில் இப்படி ஒரு கேஸ் வந்ததில்லை.

"யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?"

பச்சையம்மா வாயைத் திறப்பதற்குள் எத்திராஜ் அம்மனை அவள் மடியில் சாய்த்துவிட்டு வண்டியிலிருந்து இறங்கினான்.

"எனக்கு சார்," என்றான்.