ஸ்பேனர் சார் கைவைத்த சைலன்சர்

ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, எதிர்வீட்டுக்காரரின் பைக்கில் ஸ்பேனரை மாட்டி இழுத்துக்கொண்டிருக்கிறார் ஸ்பேனர் சார். எதிர்வீட்டுக்காரர் உள்ளே குளித்துக்கொண்டிருக்கிறார். அவர் யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை.

சாருக்குத் தொழில் ஜெராக்ஸ் கடை. அங்கே மிஷினில் காகிதம் சிக்கினால் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்று, கம்பெனி ஆளுக்குப் போன் போடுவார். அது அவர் சொந்தக் காசு போட்டு வாங்கியது. அவருடைய வீரமெல்லாம் ஊரார் வண்டிமேல்தான். தெருவில் எந்த பைக் கடகடத்தாலும் சட்டைப்பையிலிருந்து ஸ்பேனர் வெளியே வந்துவிடும்.

வீட்டிலும் அதே கதை. சர்க்கரை டப்பாவை அவர் மூடினால் பிறகு மனிதர் யாராலும் திறக்க முடியாது. அவர் மனைவி அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வருவாள். "கொஞ்சம் திறந்து குடும்மா. என்னமோ நாங்க தங்கத்தைப் பூட்டி வச்சிருக்கிற மாதிரி இறுக்கி வச்சிருக்காரு இந்த மனுஷன்."

மாடியில் குடியிருப்பவள் ஒரு நர்ஸ். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மிஷினில் ரத்தம் சுத்தம் செய்யும் பிரிவில் வேலை. தம்பி வெளியூர் போகும்போது விட்டுப்போன பைக்கைத்தான் ஓட்டுகிறாள். ஒருநாள் அதன் சைலன்சர் படபடக்க ஆரம்பித்தது. புகைக்குழாயை இஞ்சினோடு சேர்த்துப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளும் தளர்ந்திருந்தன. மறுநாள் வேலை முடிந்ததும் மெக்கானிக்கிடம் விடலாம் என்று நினைத்துக்கொண்டே வண்டியை நிறுத்தினாள். படியருகே சார் காத்திருந்தார்.

"என்னம்மா, வண்டி இருமுது?"

"நட்டு லூசாயிருக்கு சார். நாளைக்கு மெக்கானிக்கிட்ட காட்டணும்."

"நட்டு இறுக்க மெக்கானிக்கா! தலைவலிக்கு ஆபரேஷன் பண்ற கதையால்ல இருக்கு? நல்லா இறுக்கிட்டா அது எங்க போயிடும்?"

நாள் முழுக்க நின்ற கால் வலி. வேண்டாம் என்று சொன்னால் அரைமணி நேரம் விளக்கம் கேட்க வேண்டியிருக்கும். "பார்த்து சார், மெதுவா" என்றாள். வண்டி ஆறியதும் சார் வேலையை ஆரம்பித்தார். ஸ்பேனரின் பிடியில் ஒரு நீள இரும்புக் குழாயைச் செருகி, உடம்பின் எடை முழுவதையும் அதில் போட்டார். உள்ளே ஏதோ முனகியது. சாரின் முகம் ஒரு கணம் வெளுத்ததை அவள் பார்த்தாள். மறுகணமே சிரிப்பு வந்துவிட்டது. "உக்காந்துடுச்சு. இனி ஆயுசுக்கும் அசையாது."

மறுநாள் காலை பாதி வழியில் வண்டி சிங்கம்போல் கர்ஜித்தது. குழாய் இஞ்சினை விட்டுக் கழன்று தொங்கியது. தள்ளிக்கொண்டுபோய் மெக்கானிக் கடை வாசலில் விட்டுவிட்டு, பஸ் பிடித்து ஆஸ்பத்திரி சேர்வதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. இரவு டூட்டி முடிந்து குழந்தையை அழைத்துவரக் கிளம்பியிருக்க வேண்டிய தோழி இன்னும் வார்டில் நின்றுகொண்டிருந்தாள். "பரவாயில்லக்கா" என்று சொல்லிவிட்டு, முகம் பார்க்காமல் ஓடினாள். அவள் வந்து மிஷின் மாட்டுவதற்காக முதல் கட்டிலில் காத்திருந்த லாரி டிரைவருக்குக் கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. மூச்சு வாங்கிக்கொண்டே கையை நீட்டினார். "நீ வரமாட்டியோன்னு பயந்துட்டேன் தாயி." அவள் மிஷினை அவர் பக்கம் இழுத்தாள். நட்டு கதையை அந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது?

சாயங்காலம் மெக்கானிக் இஞ்சினைக் காட்டினார். "உள்ள புகை கசியாம அடைக்கிற கேஸ்கெட் நசுங்கிப் போச்சு, அதனாலதான் லூசாச்சு. புதுசு போட்டு, ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி அளவா இறுக்கினா போதும். வண்டி சூடாகி ஆறினப்புறம் இன்னொரு தடவை பார்க்கணும். இதுல யாரோ ஏறித் தொங்கியிருக்காங்க. ஒரு போல்ட் முறிஞ்சிருக்கு. இன்னொண்ணு மரை கழண்டுபோச்சு."

"தெரியும். எங்க கீழ்வீட்லதான் இருக்கு."

மெக்கானிக் சிரித்து அடங்க நேரமானது. முறிந்த துண்டைத் தோண்டி எடுக்க அடுத்த நாள் முழுவதும் ஆனது. அந்த இரண்டு நாளும் அவள் பஸ்ஸில் தொங்கினாள்.

வண்டி கைக்கு வருகிற அன்று காலையில் ஜெராக்ஸ் கடைக்கே போனாள். "சார், போல்ட்டை உடைச்சது நீங்க. உடைஞ்சது உங்களுக்கு அப்பவே தெரியும்."

சார் ஒரு காகிதக் கட்டைத் தட்டி நேராக்கினார். "நான் இறுக்கினது இறுக்கினபடிதான் இருந்திருக்கும். இப்ப வர்ற இரும்பு சரியில்லம்மா."

"எனக்காக ஒரு மனுஷன் மூச்சு வாங்கிக்கிட்டு காத்துக் கிடந்தாரு. இனிமே என் வண்டிமேல கைவைக்காதீங்க."

"உன் இஷ்டம். பின்னால வந்து கேக்கக்கூடாது." ஏதோ பெரிய வரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டவர்போல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அன்று மாலை புதுக் கேஸ்கெட்டோடு வண்டி சத்தமில்லாமல் வீடு வந்தது. நிறுத்திவிட்டு மாடியேறியவள், காய்ந்த சீருடையைக் கொடியிலிருந்து எடுக்கும்போது கீழே பார்த்தாள். சார் வெளியே வந்தார். இடமும் வலமும் பார்த்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நட்டு ஆடுகிறதா என்று பார்க்க இரண்டு விரலால் அதைப் பிடித்தார். ஊரைக் கடந்து அப்போதுதான் வந்து நின்ற, சூடு ஆறாத இஞ்சின். துள்ளி எழுந்தவர் விரல்களை வாய்க்குள் திணித்துக்கொண்டார். நிமிர்ந்தபோது அவள் நிற்பதைப் பார்த்துவிட்டார். வாயிலிருந்து விரலை எடுக்காமலே, மறுகையால் சைலன்சரைக் காட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார்.